மூன்று கிலோ

அறுநூறு ரூபாய் சொன்னாள் ஷைலஜா.
கோரமங்கலாவில் நான்காவது மாடி.
"ஒள்ளே ஹாசிகே. ஒரே பிள்ளைதான் படுத்தது,
ஒன்றரை வருஷம்கூட இல்லை."
அந்த ஒரே பிள்ளை சோபாவுக்குப் பின்னால் நின்று
தன் மெத்தை வெளியே போவதைப் பார்த்தது.
அழவில்லை.
டாட்டா காட்டியது, எங்களுக்கா மெத்தைக்கா தெரியவில்லை.

ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டதால்
சவரி அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான்.
வியாழக்கிழமை வேறு.
விவேக்நகர் முழுக்கக் குழந்தை இயேசு கோயில் கூட்டம்.
மெழுகுவத்தி விற்கிறவள் என் வயிற்றைப் பார்த்தாள்,
மெத்தையைப் பார்த்தாள்,
கூடையை நகர்த்தி வழிவிட்டாள்.

எனக்குப் பத்து வருஷமாகச் செக்கிங் வேலை.
பொம்மனஹள்ளியில், மூன்றாவது லைன்.
சட்டையை உள்புறம் திருப்பி
அக்குள், காலர், பட்டன் துளை என்று தடவிக்கொண்டே போவேன்.
தவறு தட்டுப்படும் இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
கண்ணைவிடக் கைக்கு அதிகம் தெரியும்.

அதே கையால் மெத்தையைத் தடவினேன்.
தையல் சரி.
ஜிப்பில் ஒரு பல் இல்லை, போகட்டும்.
ஓரத்தில் மாவடு அளவு கறை,
பாலோ மருந்தோ, காய்ந்து பல நாள்.
முகர்ந்தால் டெட்டால்,
டெட்டாலுக்கு அடியில் யாருடையதோ தூக்கம்.
நடுவில், சற்றே இடப்பக்கம்,
ஒரு பள்ளம்.
பார்த்தால் தெரியாது.
கை மட்டும் போய் அங்கே நின்றுவிட்டது.

பௌரிங் ஆஸ்பத்திரி நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்:
பலகை மாதிரி இருக்கட்டும்,
முகம் புதையக் கூடாது.
"திருப்பிப் போட்டால் ஆச்சு" என்றான் சவரி.
தலையில் சுமந்து வந்தவன் வேறென்ன சொல்வான்?
திருப்பிப் போட்டோம்.
பள்ளமும் கூடவே திரும்பியது.

"பிள்ளை எவ்வளவு இருக்கும்?"
"மூன்று கிலோ வரும்னு ஸ்கேனில் சொன்னாங்க."
டப்பாவில் இருந்த அரிசியை வழித்துக் கொட்டி,
கீழ்வீட்டு நசீமாவின் காய்கறித் தராசில் நிறுத்தோம்.
பத்து கிராம் கூட.
என் பழைய துப்பட்டாவில் முடிந்து
பள்ளத்தில் கிடத்தினோம்.
ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும்,
எவ்வளவு இறங்குகிறது பார்ப்போம்.

விளக்கை அணைத்ததும்
சவரியின் குரல் இறங்கிவிட்டது.
"ஏன் கிசுகிசுக்கிற?"
"சும்மா."

இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
மூட்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது.
நிமிர்த்தி வைத்தேன்.
நாலு மணிக்கு அவன் எழுந்து அதைத் தொட்டுப் பார்த்தான்.
நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டான்.

காலையில் மூட்டையைத் தூக்கினோம்.
பள்ளம் எழவில்லை.
இருபது எண்ணினேன், அறுபது எண்ணினேன்.
பால் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.
அப்போதும் அது அப்படியே.
பிறந்த பிள்ளையின் மூக்கு எவ்வளவு உயரம்?
சவரி சுண்டுவிரலைக் காட்டினான்,
முதல் கணுவில் பாதி.

கைப்பையைத் துழாவி
ஒரு சிவப்பு அம்பை எடுத்துப் பள்ளத்தில் ஒட்டினேன்.
செக்கர் ஒட்டினால் ஒட்டியதுதான்.
லைன் சூப்பர்வைசர் வந்தாலும் பேச்சில்லை.

அறுநூறு ரூபாய் அவன் முகத்தில் ஒரு நிமிஷம் ஓடியது.
பிறகு அம்பை உரித்துத் தன் இடுப்பில் ஒட்டிக்கொண்டு
மெத்தையில் சுருண்டு படுத்தான்,
முழங்காலுக்குக் கீழே எல்லாம் தரையில்.
"எனக்கு இது போதும்" என்றான்.
சிரித்ததில் வயிற்றுக்குள் ஒரு உதை.

புதிது ஆயிரத்து நானூறு, சிவாஜிநகரில்.
இரண்டு ஞாயிறு ஓவர்டைம் பார்த்தால் வந்துவிடும்,
அவளோ அவனோ அதுவரை பொறுத்தால்.

அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டப் போனேன்.
முடிச்சில் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
மத்தியானம் சவரி
கடையிலிருந்து வேறு அரிசி வாங்கி வந்தான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.